ரத்தத்தில் சோடியம் குறைவதைக் கண்டுகொள்வது எப்படி: வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டில் 65 வயதைத் தாண்டியவர் இருக்கிறாரா? பிரஷருக்கோ மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான். வீடுகளுக்குப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. சோடியம் குறைந்துகொண்டே போகும் நாட்களில் வீட்டார் அதை "வயசாயிடுச்சு", "வெயில் ஒத்துக்கல", "மறதி ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லிக் கடத்திவிடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோடியம் குறைவுக்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. குமட்டல், தலைவலி, தடுமாற்றம் எல்லாம் எத்தனையோ காரணங்களால் வரும். அதனால் அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. போன வாரம் எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார், நடுவில் என்ன மாறியது என்று வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். வீட்டில் நம்மால் சந்தேகப்படத்தான் முடியும். உறுதி செய்வது ரத்தப் பரிசோதனை.

இப்போதே அவருக்கு வலிப்பு வந்திருந்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

1. நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஒரு நோட்டில் அவருடைய இயல்பு நிலையை நாலு வரி எழுதி வையுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுவார், யார் துணையும் இல்லாமல் பாத்ரூம் போவாரா, பேப்பர் படிப்பாரா, பேரன் பேத்தி பெயர்களைச் சரியாகச் சொல்வாரா, மாத்திரையைத் தானே எடுத்துப் போடுவாரா.

அற்பமாகத் தெரியும். ஆனால் கேஷுவால்ட்டியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?" என்பதுதான். மூத்த மகன் ஒன்று சொல்வார், மருமகள் வேறொன்று சொல்வார். நோட்டில் இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

கடைசியாக எடுத்த சோடியம் அளவையும் தேதியோடு குறித்து வையுங்கள். (சரியான அளவு 135 முதல் 145.) வழக்கமாக 138 இருப்பவருக்கு 128 வருவதும், ஆறு மாதமாக 130-லேயே இருப்பவருக்கு 128 வருவதும் ஒன்றல்ல.

வீட்டில் சுகர் பார்க்கும் கருவி, பிரஷர் கருவி, எடை பார்க்கும் மெஷின் மூன்றும் இருக்கட்டும். சுகர் கருவியும் எடை மெஷினும் எதற்கு என்று கீழே வரும்.

2. மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

அறிகுறிக்கு முன்னால் மாத்திரையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே நடமாடும் முதியவர்களிடம் சோடியம் குறைவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று மாத்திரைதான். எது ஆபத்தானது என்று தெரிந்தால், லேசான அறிகுறியையும் தட்டிக்கழிக்க மாட்டீர்கள்.

முதலில் தேட வேண்டியது தயசைடு வகை நீர் மாத்திரைகள் (சிறுநீரை அதிகம் போகவைப்பவை): ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டப்பமைடு. இவை பெரும்பாலும் தனியாக வராது. பிரஷர் மாத்திரையோடு ஒன்றாகக் கலந்து வரும். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' அல்லது 'சிடி' என்று ஒட்டிக்கொண்டிருந்தால் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "நீர் மாத்திரை எதுவும் சாப்பிடல" என்று அடித்துச் சொல்பவர்களின் பையில்தான் இவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின். வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரும் கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின். இரவில் அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் டெஸ்மோபிரசின். இவற்றில் சில, உடலில் சேரும் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றவிடாமல் தடுக்கின்றன.

புதிதாக ஆரம்பித்த முதல் சில வாரங்கள்தான் அதிகக் கவனம் வேண்டிய காலம். ஆனால் வருடக்கணக்காகச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கும், வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ சேர்ந்துகொண்டால் திடீரென்று சோடியம் இறங்கலாம். மெலிந்த உடல்வாகுள்ள வயதான பெண்களுக்கு ஆபத்து கூடுதல்.

சந்தேகம் வந்ததும் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். கார்பமாசெபினைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். எழுதிக்கொடுத்த டாக்டரை அன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள்.

3. கடந்த இரண்டு மூன்று வாரத்தில் என்ன மாறியது?

இதைக் கேட்க வேண்டிய விதம் புரிய, சோடியம் ஏன் குறைகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். ரசத்தில் தண்ணீர் கூடிப்போனால் உப்பு குறைந்தது போலத்தானே இருக்கும்? போட்ட உப்பு அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் அதிகம். ரத்தத்தில் சோடியம் குறைவதும் பெரும்பாலும் இப்படித்தான். உடலில் உப்பே இல்லாமல் போவதைவிட, வெளியேற வேண்டிய தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுவதுதான் அதிகம்.

ஆகவே "உப்பு போட்டுச் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். இவற்றையும் கேளுங்கள்:

வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா? அப்போது வெறும் தண்ணீர் மட்டும் குடித்தாரா? போகும் நீரோடு உப்பும் போகிறது, உள்ளே வருவது தண்ணீர் மட்டும் என்றால் கணக்கு இடிக்கும். வெயிலில் வேர்க்க வேர்க்க இருந்துவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்தாலும் இதே கதைதான்.

யாராவது சொன்னார்கள் என்று தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாரா? இந்த ஆலோசனை வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. இளம் வயதில் சிறுநீரகம் சமாளித்துவிடும். 75 வயதில், தயசைடும் சேர்ந்து இருக்கும்போது சமாளிக்காது.

பல் இல்லை, பசி இல்லை என்று கஞ்சி, டீ, இரண்டு இட்லி என்று சாப்பாடு சுருங்கிவிட்டதா? தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு உப்பும், புரதத்திலிருந்து வரும் யூரியாவும் வேண்டும். இரண்டும் குறைந்தால், குடித்த நீரைக்கூட முழுதாக வெளியே தள்ள முடியாது.

நிமோனியா, காசநோய், தலையில் அடி, சமீபத்தில் ஆபரேஷன், கொலோனோஸ்கோப்பிக்கு (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முன் பேதி மருந்து? இதய பலவீனம், கல்லீரல் சுருக்கம், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு குறைவு? ஆம் என்றால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு இது பெரிய உதவி.

4. அறிகுறிகளை எந்த வரிசையில் பார்ப்பது

ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தண்ணீர் செல்களுக்குள் புகும். மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினாலும் தாங்கிக்கொள்ளும். மூளை மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது, வீங்க இடமில்லை. அதனால்தான் அறிகுறிகள் பெரும்பாலும் மூளை சம்பந்தப்பட்டவையாக இருக்கின்றன. முதலில் லேசானவற்றைத் தேடுங்கள், ஏனென்றால் பலரும் நழுவவிடுவது அவற்றைத்தான்.

*நடை.* நாற்காலியிலிருந்து எழுந்து, வாசல்வரை போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். நேராக நடக்கும்போது தெரியாத தள்ளாட்டம், திரும்பும் இடத்தில் தெரியும். சுவரைப் பிடிக்கிறாரா, கால்களை அகட்டி வைக்கிறாரா என்று பாருங்கள். நாள்பட்ட லேசான சோடியம் குறைவுகூட நடையைக் கெடுத்துக் கீழே விழவைக்கும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லப்படும் எல்லா விழுதலுக்கும் ஈரத் தரை காரணமில்லை. இடுப்பு எலும்பு முறிந்து வந்தவரிடம் அதன்பிறகுதான் சோடியம் 124 என்று தெரியவரும்.

*வயிறு.* குமட்டல், பசியின்மை, பிறகு வாந்தி. இதை அஜீரணம் என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. இதில் ஒரு சுழல் இருக்கிறது. குமட்டலே, தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை அதிகம் சுரக்கச் செய்யும். சாப்பிட முடியாமல் தண்ணீரை மட்டும் மடக்கு மடக்காகக் குடிப்பார். சோடியம் இன்னும் இறங்கும், குமட்டல் இன்னும் கூடும்.

*சோர்வும் தலைவலியும்.* வழக்கமாக மதியம் அரைமணி தூங்குபவர் சாயங்காலம்வரை எழாமல் கிடப்பது. தசைப்பிடிப்பு. "தலை பாரமா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்வது.

*கவனம்.* இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். "என்னைத் தெரியுதாப்பா?" என்று கேட்பார்கள். "தெரியாம என்ன" என்பார். சரி, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆள் அடையாளம் தெரிவது கடைசிவரை கூட இருக்கும். முதலில் போவது கவனம். கிழமைகளைச் சனியிலிருந்து ஞாயிறுவரை பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். எளிதாகச் சொல்பவர் என்றால் பங்குனியிலிருந்து சித்திரைக்குப் பின்னோக்கி வரச் சொல்லலாம். நடுவில் நின்றுவிடுவது, முன்னோக்கிப் போய்விடுவது, என்ன கேட்டீர்கள் என்பதையே மறப்பது எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் நல்ல நாளிலேயே அவரால் இது முடியாது என்றால் இதற்கு அர்த்தமில்லை. நோட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

*நடத்தை.* அமைதியானவர் எரிந்து விழுவது, இல்லாத ஆளோடு பேசுவது, இரவில் "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே கிளம்புவது. மறதி நோய் மாதம் மாதமாக, வருடக்கணக்கில் வரும். மூன்று நாளில் வந்த மறதியை மறதி நோய் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதற்கு வேறு காரணம் இருக்கும். சோடியம் அதில் ஒன்று, சிறுநீர்த் தொற்று இன்னொன்று.

நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து போனில் மட்டும் விசாரிக்கும் பிள்ளைகள் என்றால், பேச்சின் வேகத்தைக் கவனியுங்கள். பதில் வரத் தாமதம், பத்து நிமிடத்தில் அதே கேள்வி இரண்டாம் முறை, "ம்ம்" என்று மட்டும் பதில். வீடியோ காலில் வாசல்வரை நடந்து காட்டச் சொல்லலாம், ஆனால் கூட யாராவது இருக்கும்போது மட்டும்.

5. முதலில் சுகர், அடுத்து பக்கவாதம்

உளறலோ குழப்பமோ கண்டதும் சோடியத்துக்குப் போய்விடாதீர்கள். விரலில் குத்திச் சுகர் பாருங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சுகர் 70-க்குக் கீழே போனாலும் வியர்வையோடு இதே தடுமாற்றம், இதே உளறல் வரும். அதை நிமிடங்களில் சரிசெய்ய வேண்டும். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை கரைத்துக் கொடுக்கலாம். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

அப்புறம் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ பக்கவாதம் என்றே நினைத்துக் கிளம்புங்கள். எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாதச் சிகிச்சை அந்த நேரத்தைப் பொறுத்தது.

6. 108-ஐ எப்போது கூப்பிடுவது

வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், நிற்காத வாந்தியோடு குழப்பம், மூச்சில் மாற்றம். இவற்றில் ஒன்று இருந்தாலும் லேப் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ, கையில் சாவியோ வேண்டாம்.

எண் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது முக்கியம். மெதுவாக இறங்கினால் மூளைச் செல்கள் தங்களிடமுள்ள சில பொருட்களை வெளியேற்றி வீக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு நாள் அளவில் ஆகும். அதற்குள் வேகமாக இறங்கிவிட்டால் மூளைக்கு அவகாசம் இல்லை. ஆகவே 118-ல் உட்கார்ந்து காபி குடிப்பவரும் உண்டு, 125-ல் வலிப்பு வந்தவரும் உண்டு. முதலாமவர் பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை, அவரும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லேசான அறிகுறிகள் மட்டும் இருந்தால்? அன்றைக்கே பரிசோதனை, அன்றைக்கே ரிசல்ட். "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்பது வேண்டாம்.

7. பரிசோதனையும் ரிப்போர்ட்டைப் படிப்பதும்

லேபில் "எலக்ட்ரோலைட்ஸ்" என்று கேளுங்கள். சோடியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்தே வரும். கூடவே சுகர், யூரியா, கிரியேட்டினின். வெறும் வயிறு தேவையில்லை.

சரியான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லி ஈக்விவலன்ட். சில ரிப்போர்ட்டில் மில்லிமோல் என்று இருக்கும், சோடியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான். 130 முதல் 134 லேசானது, 125 முதல் 129 நடுத்தரம், 125-க்குக் கீழே கடுமையானது.

எண்ணைப் பார்த்துப் பதறும் முன் இரண்டு விஷயம். ஒன்று, ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையிலேயே ரத்தம் எடுத்தார்களா? அப்படியானால் அளவு தவறாக இருக்கலாம். மறுகையில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, சுகர் எவ்வளவு? சுகர் மிக அதிகமாக இருந்தால், செல்களிலிருந்து தண்ணீர் ரத்தத்துக்கு இழுக்கப்பட்டுச் சோடியம் குறைந்து காட்டும். 100-க்கு மேல் ஒவ்வொரு 100 சுகருக்கும் சோடியம் சுமார் 1.6 முதல் 2.4 வரை குறையும் என்பது கணக்கு. சுகர் 500 இருப்பவருக்குச் சோடியம் 129 என்றால் முதலில் கவனிக்க வேண்டியது சுகரை.

டாக்டர் சிறுநீரில் சோடியமும் ஆஸ்மோலாலிட்டியும் (சிறுநீர் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்ற அளவு), தைராய்டு, கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பரிசோதனைகளும் கேட்கலாம். வீண் செலவு என்று தவிர்க்காதீர்கள். சோடியம் குறைந்திருக்கிறது என்பது ரத்தத்தில் தெரியும், ஏன் குறைந்தது என்பதற்கு இவை வேண்டும். சிறுநீர் மாதிரியை ட்ரிப்ஸ் போடுவதற்கு முன்பே கொடுப்பது நல்லது, போட்டபிறகு அளவுகள் மாறிவிடும்.

8. இடைப்பட்ட நேரத்தில் செய்யக்கூடாதவை

உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்காதீர்கள். சோடியம் குறைவு என்று கேட்டதும் எல்லா வீட்டிலும் நடப்பது இதுதான். காரணம் தேங்கிய தண்ணீர் என்றால், அதோடு இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்கிறது. இதய பலவீனம் உள்ளவருக்கு மூச்சுத்திணறல் வரும். செறிவான உப்புக் கரைசல் வாந்தியையும் கொண்டுவரும்.

"தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்" ஏற்றிக்கொள்ளாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 5 சதவீத குளுக்கோஸ் ட்ரிப்ஸில் உள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்திக்கொண்டபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர். சோடியம் குறைந்தவருக்கு அதை ஏற்றினால் இன்னும் குறையும். தெருமுனை கிளினிக்கில் ஏதாவது ஏற்றச் சொன்னால், சோடியம் பார்த்துவிட்டு ஏற்றலாமா என்று கேளுங்கள்.

இளநீர் இதற்கு மருந்தல்ல. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும்.

ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்கு நல்லது. பாக்கெட்டில் எழுதியபடி, பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு ஒரு முழுப் பாக்கெட் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை இஷ்டத்துக்குக் கரைத்தால் வெறும் தண்ணீர் கொடுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு இல்லாத, கால் வீங்கிய, மூச்சு வாங்கும் ஒருவருக்கு டாக்டரைக் கேட்காமல் ஓஆர்எஸ் கொடுக்காதீர்கள்.

9. மருத்துவமனையில் ஏன் மெதுவாக ஏற்றுகிறார்கள்

"நேத்து 114, இன்னிக்கு 120தான், என்ன வைத்தியம் பாக்கறாங்க?" என்று வார்டில் கோபப்படுபவர்கள் உண்டு. உண்மையில் அது நல்ல வேகம். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10-க்கு மேல் ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள். குறைந்த அளவுக்குப் பழகிவிட்ட மூளைச் செல்களிலிருந்து திடீரென்று தண்ணீர் வெளியேறினால், நரம்புகளின் மேலுறை சிதையும். விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் என்று அது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். சில சமயம் திரும்பச் சரியாகாது.

வலிப்போ நினைவிழப்போ இருந்தால் 3 சதவீத உப்பு ட்ரிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முதலில் சில புள்ளிகள் ஏற்றுவார்கள். அது மூளை வீக்கத்தைக் குறைக்க. அதற்குப்பின் மெதுவாகத்தான். அடிக்கடி ரத்தம் எடுப்பதும் வேகத்தைக் கண்காணிக்கவே.

10. வீடு திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று படுக்கையைக் காலி செய்யும் முன்பே பாருங்கள்: எந்த மாத்திரை நிறுத்தப்பட்டது, அடுத்த சோடியம் பரிசோதனை எப்போது, ஒரு நாளைக்கு எவ்வளவு திரவம். திரவ அளவு, சோடியம் ஏன் குறைந்தது என்பதைப் பொறுத்து மாறும். சிலருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள், சிலருக்குத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதைப் பின்பற்றாதீர்கள்.

ஒரு லிட்டர் என்று சொல்லியிருந்தால் காபி, டீ, மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் சேரும். தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு மோரைக் கணக்கில் விடுவதுதான் எங்கும் நடக்கிறது. இதற்கு எளிய வழி, காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்துவிடுவது. அவர் ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து அதே டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். மீதி இருப்பதுதான் அன்றைய பங்கு. காலையில் எழுந்ததும் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் ஒன்றிரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பல்ல, தண்ணீர்.

உப்பைப் பற்றியும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பிரஷர் இருக்கிறது என்று சாப்பாட்டில் உப்பையே அறவே நிறுத்திவிட்டவர்களும் இருக்கிறார்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பாதிக்குப் பாதி பொட்டாசியம் இருக்கலாம், அதைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தயசைடு மாத்திரையால்தான் சோடியம் குறைந்தது என்று டாக்டர் சொன்னால், "தயசைடு ஒத்துக்கொள்ளவில்லை, சோடியம் இவ்வளவு வரை இறங்கியது" என்று தேதியோடு ஒரு சீட்டில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள், அவருடைய பர்ஸிலும் ஒன்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டரிடம் பிரஷர் கூடியிருக்கிறது என்று போவார். அந்த டாக்டர் நல்ல எண்ணத்தோடு 'எச்' போட்ட மாத்திரையை எழுதுவார். சீட்டு இல்லையென்றால், முதல் பிரிவில் சொன்ன நோட்டை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.